சொந்த வேண்டுகோளின் பேரில்

தலைநகர்,
பிப்ரவரி 3

வஸீலா அக்காவுக்கு லுத்ஃபி எழுதுவது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. கடைசியாக நான் உனக்குக் காகிதத்தில் எழுதியது நீ சட்டக் கல்லூரி விடுதியில் இருந்தபோது. இப்போது போனில் பேசப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் தெரு ஸாதிக் லுவாஜ் வாடகை வண்டியில் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு தினமும் உங்கள் ஊருக்கு வருகிறானே, அவனிடம் உம்மா செய்த ஹரிசா மிளகாய் விழுது பாட்டிலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நேற்று எங்கள் இயக்குநர் என் மேஜைக்கு வந்தார். எப்போதும் ஆளைக் கூப்பிட்டனுப்புகிறவர் தானே நடந்து வந்தார்.

"ஏம்ப்பா லுத்ஃபி, ஸீதி மர்ஸூக்ல விசாரணை நீதிபதியா ஒரு அம்மா இருக்காங்களாமே. உன் குடும்பப் பேருதான் அவங்களுக்கும். சொந்தமா?"

"அக்கா சார்."

"கூடப் பிறந்தவங்களா?"

"ஆமா சார்."

"நல்லது, நல்லது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த இரண்டு நல்லதும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. அதிபர் மாளிகையின் சட்டப் பிரிவில் வரைவு எழுதுகிறவன். போன கோடையிலிருந்து பாராளுமன்ற வாசலில் ராணுவ வண்டி நிற்கிறது. சட்டம் போட வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் டீ குடித்துக்கொண்டே நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறோம். போன வாரம் எழுதிய ஆணை உங்களைப் பற்றியது. உங்கள் மாற்றலையும் பதவியையும் பார்த்துக்கொள்ள நீங்களே ஒரு சபை வைத்திருந்தீர்களே, அது இனி இல்லை. இனி மாளிகையில் ஒரு கையெழுத்துப் போதும், உன்னைத் தூக்கலாம், நீக்கலாம். 'நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்' என்று நானாக ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். வரைவு திரும்பி வந்தபோது அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு.

அந்த ரொட்டிக் கடைக்காரர் வழக்கை விட்டுவிடு அக்கா. முதுகு வலி என்று லீவு போடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

லுத்ஃபி


ஸீதி மர்ஸூக்,
பிப்ரவரி 6

லுத்ஃபி,

ஹரிசா வந்தது. உம்மா உப்புப் போட மறந்துவிட்டார்கள். உன் கடிதத்தை அடுப்பில் போட்டாயிற்று. எனக்கு முதுகு வலி இல்லை.

ரொட்டிக் கடை ஜல்லூல் என்ன செய்தார் என்று உங்கள் நாலு பேரில் யாருக்காவது தெரியுமா? மாவு வரவில்லை. கடை வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. ஒரு பெண் அவரைப் பிடித்து ஏசினாள். அதற்கு இவர், "என்கிட்ட ஏன்மா கத்துற? ஆளுநர் வீட்டு விருந்துக்கு மூட்டை மூட்டையாப் போவுது, அங்க போய்க் கத்து" என்றார். இவ்வளவுதான். அதற்கு, அரசுக்கு எதிரான சதி என்று வழக்கு. சதிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டுமே, இன்னொருவர் யார் என்று போலீஸ் அதிகாரியைக் கேட்டேன். "அந்தப் பொம்பளையத் தேடிக்கிட்டிருக்கோம் மேடம்" என்கிறான். அங்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு வரவில்லை.

நேற்று ஆளுநரே போன் செய்தார். "என்னம்மா, நம்ம ஊரு குளிர் ஒத்துக்கிடுதா?" என்று ஆரம்பித்தார். ஒத்துக்கொள்கிறது என்றேன். "அந்த ரொட்டிக்காரனைக் கொஞ்ச நாள் உள்ளயே வச்சிருங்க. ஊரு அமைதியா இருக்கும்" என்றார். வழக்கைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது என்று சொன்னேன். "பேசலையேம்மா, குளிரைப் பத்தித்தானே பேசினேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்கும் பயம்தான் தம்பி. உன்னிடம் என்ன மறைப்பது? நீதிமன்றக் காவலாளி ஹஃபீழ் தினமும் என் அறைக்குள் வந்து காபி வைத்து, மகள் கல்யாணக் கதை பேசிவிட்டுப் போகிறவர். இந்த வாரம் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடுகிறார். அவருக்குச் சம்பளம் உள்துறையிலிருந்து. என் அறைச் சாவியும் அவரிடம்தான். இத்தனை வருடமாக அதை என் அறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்கு நடந்து போகும்போது ஒரு சாம்பல் நிறக் கார் பின்னாலேயே மெதுவாக வருகிறது. கதவைத் தாழிட்ட பிறகும் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

20-ஆம் தேதியோடு ஜல்லூலின் காவல் முடிகிறது. அன்று என் முன்னால் வருவார். நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். போலீஸ் அதற்குள் ஏதாவது கொண்டுவந்தால் பார்ப்பேன். கொண்டுவராவிட்டால் அவர் வீட்டுக்குப் போவார்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் ஆபீசில் என்னைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. திட்டியும் பேசாதே, பரிந்தும் பேசாதே. நான் எப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்பது மாளிகைக்காரர்கள் பேசுகிற விஷயமே இல்லை. நீயும் மாளிகைக்காரன்தான்.

வஸீலா


தலைநகர்,
பிப்ரவரி 13

அக்கா,

நான் யாரிடமும் பேசவில்லை. இயக்குநர்தான் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. உன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு நீதிபதி வீட்டில் சோதனை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிப் பைகளைக்கூடத் தரையில் கொட்டினார்களாம். அந்த மனுஷன் பைஜாமாவோடு படிக்கட்டில் நின்றிருக்கிறார். அந்தச் செய்தியை எங்கள் அறையில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன் அக்கா. சிரிக்காவிட்டால் பார்ப்பார்கள்.

எங்கள் தெருவிலும் ஒரு கார் நிற்கிறது. என் மகள் இனேஸ், "யாரு வாப்பா அவங்க, எப்பப் பாத்தாலும் காருக்குள்ளயே உக்காந்திருக்காங்க?" என்று கேட்கிறாள். கார் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வயதுக்கு அதை நம்புகிறாள்.

உம்மாவுக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. மாடி ஏற முடியவில்லை. பகலெல்லாம் உன் பெயரைத்தான் சொல்கிறார்கள். நீ பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இங்கே நடந்து போகிற தூரத்தில் நிலவழக்கு நீதிமன்றம் இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? ஆளுநரும் இல்லை, சதியும் இல்லை. இந்த ஆலிவ் மரம் யாருடையது, அந்த வேலி யாருடையது, இதுதான் பேச்சு. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

சும்மா சொன்னேன். நீ எதையும் யோசிக்காதே. எல்லாம் நல்லபடியாக நடக்கும், இன்ஷா அல்லாஹ்.

லுத்ஃபி


ஸீதி மர்ஸூக்,
பிப்ரவரி 20

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

இன்று காலை நான் நீதிமன்றத்துக்குள் நுழையும்போதே எழுத்தர் மப்ரூக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. "மேடம், உங்களுக்கு மாற்றல் வந்திருக்கு. மாளிகையிலேருந்து ஆளே எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணுமாம். போட்ட நிமிஷம் உங்க கோப்பெல்லாம் அடுத்தவருக்குப் போயிடும்."

எங்கே மாற்றல் என்று பார்த்தேன். தலைநகர், நிலவழக்கு நீதிமன்றம். காரணம்: 'தாயாரின் உடல்நிலையை முன்னிட்டு, சொந்த வேண்டுகோளின் பேரில்.'

நான் எப்போதடா வேண்டினேன்? மாளிகையில் உம்மாவின் முழங்கால் எவனுக்குத் தெரியும்?

அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று சொல்லட்டுமா? ஆசையாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே ஸாதிக்கின் வண்டியில் ஏறிவிடலாம். காரும் பின்னால் வராது, கதவுக்கு நாற்காலியும் வேண்டாம். உம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம். ஆளுநருக்கு இந்த ஆசை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீ. அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறாய்.

அந்த ஆள் பேனாவை நீட்டினான். "கையெழுத்து மேடம்."

"விசாரணை இருக்கு. முடிச்சுட்டுப் போடுறேன்."

"முதல்ல கையெழுத்துன்னு மேல சொல்லியிருக்காங்க."

"எனக்கு மேல இந்தக் கட்டடத்துல மொட்டை மாடிதான் இருக்கு. உக்காருங்க, காபி வரும்" என்றேன்.

ஜல்லூலைக் கூட்டிவந்தார்கள். போலீஸிடம் புதிதாக எதுவும் இல்லை. அந்தப் பெண்ணைக்கூட அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. காவலை நீட்டிக்க முகாந்திரம் இல்லை, விடுவிக்கிறேன் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "வீட்டுக்காம்மா? என் வீட்டுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாளிகை ஆள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். ஜல்லூல் தெருவில் இறங்கித் தன் மனைவியோடு முனை திரும்புகிற வரைக்கும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் ஹஃபீழ் என் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என் குடை உள்ள இருக்கு ஹஃபீழ்" என்றேன். "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். திறக்கவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஆளுநர் மிரட்டினார், அவர் புத்தி அது. உங்கள் இயக்குநர் வேவு பார்த்தார், அவர் பிழைப்பு அது. உன்னிடம் பேசாதே என்று கெஞ்சிச் சொன்னேன். அவர்கள் யாராலும் என்னை அந்த நாற்காலியை விட்டுக் கிளப்ப முடியவில்லை. நீ பாசத்தைக் காட்டிக் கிளப்பிவிட்டாய்.

எனக்கு இனி எழுதாதே.

வஸீலா


தலைநகர்,
பிப்ரவரி 23

அக்கா,

எழுதாதே என்றாய். வேறு யாரிடம் சொல்வேன்?

நீக்கப்போகிற நீதிபதிகளின் பெயர்ப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. இயக்குநர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்க அக்காவ நீக்கச் சொல்றாங்க. அதோட விடுவாங்களா, உள்ளயும் வைப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. உனக்காகத்தான் கேக்குறேன், வேற வழி ஏதாவது இருக்கா?" என்றார். உன்னை அந்தப் பைஜாமாக்காரரைப் போலப் படிக்கட்டில் நிற்க வைத்துப் பார்த்தேன். உம்மா, முழங்கால், நிலவழக்கு நீதிமன்றம் என்று என் வாய் பாட்டுக்கு உளறியது. "அமைதியா வந்துடுவாங்களா?" என்றார். "வந்துடுவாங்க சார், நான் பொறுப்பு" என்றேன். அந்த 'சொந்த வேண்டுகோளின் பேரில்' என்பது என் வாக்கியம்தான். உனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

இப்போது பொறுப்பு எடுத்துக்கொண்டவனைத் தேடுகிறார்கள். என் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இயக்குநர் லிஃப்டில் என்னைப் பார்த்ததும் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார். மாற்றல் வரப்போவதை முன்கூட்டியே சொல்லி உன்னை உஷார்ப்படுத்தினேனாம். அரசு ரகசியத்தை வெளியிட்ட குற்றம். நாளை காலை விசாரணைப் பிரிவுக்கு வரச் சொல்லித் தாள் வந்திருக்கிறது. நான் உஷார்ப்படுத்தவே இல்லை என்பது உனக்குத் தெரியும். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

இருபது வருடமாக நீ எதிரே உட்கார்ந்தவர்களைக் கேள்வி கேட்டவள். எதிரே உட்காருகிறவன் என்ன செய்ய வேண்டும் அக்கா? கையை எங்கே வைத்துக்கொள்வது?

திட்டியாவது எழுது.

லுத்ஃபி


ஸீதி மர்ஸூக்,
பிப்ரவரி 23

தம்பி,

ஸாதிக் வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கிறான். திட்டுவதற்கு நேரம் இல்லை. அது உனக்குப் பாக்கி.

கையை மடியில் வை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். பயத்தில் நீ லொடலொடவென்று பேசுவாய், பேசாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல், 'இருக்கலாம்' என்று சொல்லாதே. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. வாசித்துக் காட்டினால் போதாது, உன் கண்ணால் படி. 'கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போயிடலாம்' என்பார்கள். அப்படிச் சொன்னால் அன்றைக்கு நீ வீட்டுக்குப் போகப் போவதில்லை என்று புரிந்துகொள். வக்கீல் ஸிஹேமை உடனே பார், என் தோழிதான். கம்பளிக் காலுறை போட்டுக்கொள். பெல்ட் வேண்டாம், எப்படியும் பிடுங்கிக்கொள்வார்கள்.

நான் நேற்றைய அரசிதழில் நீக்கப்பட்டுவிட்டேன். நிலவழக்கு நீதிமன்றத்தின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. நாளை உம்மாவிடம் வந்துவிடுவேன்.

எவ்வளவு திட்டினாலும் நீ என் தம்பிதானடா. பயப்படாதே என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

அக்கா


சிறை,
மார்ச் 6

அக்கா,

ஸிஹேம் இதைத் தன் கோட்டுக்குள் வைத்து எடுத்து வருவதாகச் சொன்னாள். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 'தெரியாது' என்று சொல்லிச் சொல்லி என் பெயரைக் கேட்டபோதும் அதுவே வாயில் வந்துவிட்டது.

நோன்பு திறக்க நீ கொண்டுவந்த கூடை கிடைத்தது. எல்லாவற்றையும் கரண்டியால் கிண்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். மீன் எது, கூஸ்கூஸ் எது என்று தெரியாமல் சாப்பிட்டேன். உம்மா சமையல் என்று மட்டும் தெரிந்தது. இந்தத் தடவை உப்பு இருந்தது.

என் கோப்பு யாரிடம் போயிருக்கிறது தெரியுமா? ஃபவ்ஸி! உன்னிடம் இரண்டு வருடம் பயிற்சியில் இருந்தவர். உன் வீட்டில் சாப்பிட்டவர். திங்கட்கிழமை அவர் முன்னால் நிற்கிறேன். காவலை நீட்டிப்பதா, விடுவதா என்று அன்றைக்குச் சொல்வார். ஒரே ஒரு போன் அக்கா. பொய் சொல்லச் சொல்லவில்லை, நீ உண்மையைத்தானே சொல்லப் போகிறாய்? 'என் தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை. அவர் உன் பேச்சைத் தட்ட மாட்டார்.

இங்கே ராத்திரியில் இரும்புக் கதவு சாத்துகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கார் ரிப்பேர் என்று இனேஸிடம் சொன்னேனே, இப்போது நான் எங்கே என்று அவளிடம் என்ன சொல்கிறீர்கள்?

லுத்ஃபி


தலைநகர்,
மார்ச் 8

லுத்ஃபி,

நேற்று ஃபவ்ஸியின் எண்ணைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். மறுபடி வைத்தேன். உன்னை அவ்வளவு ஏசினவள் இப்படிச் செய்தேன்.

பிறகு நீதிமன்றத்துக்கே போனேன், போனால் என்ன என்று. தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்தார். மெலிந்துவிட்டார், தாடியை ஒழுங்காக மழிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று நடுங்கினார். அந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு மாதமாக நானே பட்டேன். "உம்மா எப்படி இருக்காங்க மேடம்?" என்றார். "இருக்காங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். சுவரோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து கூடையை எடுத்துக்கொண்டு சிறைக்கு வந்து வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு பெண், "உங்காளு யாரு?" என்றாள். தம்பி என்றேன். "மேலிடத்துல சொல்லிவிட ஆளு யாரும் இல்லியா உங்களுக்கு?" என்றாள். கூடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

இனேஸ் படம் வரைந்து தருகிறாள், அதை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். நீ வெளியூரில் வேலையாக இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறோம். அவள் உம்மாவிடம் போய், "வாப்பா கார்ல இருக்குறவங்களோட போயிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் தோற்றுவிட்டேன் தம்பி. இதை உன்னிடமே விடுகிறேன். நாளைக் காலை ஸிஹேம் உன்னைப் பார்க்க வருவாள். 'பேசு' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. ஃபவ்ஸியிடம் பேசிவிடுகிறேன். என் ஆயுளில் முதல் தடவையாக.

அக்கா


சிறை,
மார்ச் 9

அக்கா,

ஸிஹேம் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறாள். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

என் அறையில் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார். அவர் வழக்கில் நீதிபதி, "விடுவிக்கிறேன்" என்று வாயெடுத்தபோது மேஜை மேல் போன் அடித்ததாம். நீதிபதி எடுத்தாராம். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். வைத்தபோது அவர் வேறு ஆளாகிவிட்டாராம். அந்த ஆசிரியர் தினமும் அந்த போன் அடித்ததை எங்களுக்குச் செய்து காட்டுகிறார். எல்லோரும் அந்தப் பக்கம் பேசியவனைச் சபிக்கிறார்கள். நானும் சேர்ந்துகொண்டுதான் சபித்தேன். நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் பேசியவன் கொடியவனாகத்தான் இருக்க வேண்டுமா? அந்த நீதிபதி நன்றாக இருக்க வேண்டும் என்று பயந்த யாராவது இருக்கலாம். 'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று அழுதுகொண்டே சொல்லியிருக்கலாம்.

பேசாதே அக்கா.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை 'பேசு' என்று எழுத நினைத்தேன். அதனால் ஸிஹேமிடம் சீக்கிரம் மடித்துக் கொடுத்துவிடப் போகிறேன்.

வியாழக்கிழமைக் கூடையில் கம்பளிக் காலுறை இன்னொரு ஜோடி வை. ஒருவேளை அதற்கு அவசியம் இல்லாமலும் போகலாம்.

ஃபவ்ஸிக்குத் தம்பி யாராவது இருக்கிறானா, உனக்குத் தெரியுமா? இருந்தால், நாளைக் காலை அவன் தன் அண்ணனுக்குப் போன் செய்யாமல் இருக்க வேண்டும் என்று துஆ கேள்.

லுத்ஃபி